கம்பெனி ப்ரேக்கோட ட்ராக் டேக்கு போலாமா?

கேள்வி: 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் வெச்சிருக்கேன், வண்டில எதுவுமே மாத்தல. அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல நம்ம சொந்த வண்டியை வேகமா ஓட்டிப் பாக்கற ட்ராக் டேக்கு பேர் குடுத்திருக்கேன், முதல் தடவை. ஃப்ரெண்ட் அவனோட போலோ ஜிடில வர்றான். கம்பெனி ப்ரேக் தாங்காது, பெரிய டிஸ்க் கிட் போட்டே ஆகணும்னு ஒரு கடைல சொல்றாங்க. போடணுமா சார்?

பதில்: போடாதீங்க தம்பி. கம்பெனி ப்ரேக்கே போதும். ஆனா அது நல்லா பராமரிச்ச கம்பெனி ப்ரேக்கா இருக்கணும், பழைய ஆயிலோட, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கற பேட் தேஞ்சுபோய் அப்படியே கொண்டு போனா போதாது.

ப்ரேக்ல பிடி பத்தலங்கறது பிரச்சனையே இல்ல. ஓங்கி மிதிச்சா, வீல் லாக் ஆகாம விட்டு விட்டு பிடிக்கற ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குதுல்ல, அப்பவே டயரோட பிடியை ப்ரேக் தாண்டிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல தட்டு சைஸுக்கு டிஸ்க் போட்டாலும் வழுக்கப்போறது டயர்தான். பிரச்சனை சூடு. ஆளோட சேர்த்து ஒரு டன் வண்டி 140-ல வந்து 70-க்கு இறங்கினா அதுல வர்ற சூடு கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் பச்சத்தண்ணியை கொதிக்க வைக்கப் போதும், அதுல பெரும்பகுதி முன்னாடி ரெண்டு டிஸ்க்குக்குத்தான் போகும். ரோட்ல இது எப்பவாவது ஒருதடவை நடக்கும். 3.7 கிலோமீட்டர் ட்ராக்ல ஒவ்வொரு ரவுண்டுலயும் திரும்பத் திரும்ப நடக்கும், டிஸ்க் ஆற நேரமே இருக்காது.

சூடு ஏறினா ரெண்டு விதமா கைவிடும். பெடல் கல்லு மாதிரி நிக்குது ஆனா வண்டி நிக்கலன்னா பேட் சூடாகி பிடி விட்டிருக்கு, அது கொஞ்சம் கொஞ்சமா தெரியும், வேகத்தை குறைச்சு ஒரு ரவுண்டு ஓட்டினா திரும்பி வந்துடும். பெடல் பஞ்சு மாதிரி கீழ இறங்கினா ப்ரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. இதுதான் ஆளைக் கொல்றது, முந்தின கார்னர்ல நல்லா இருந்த பெடல் அடுத்த கார்னர்ல தரைக்கு போயிடும்.

ப்ரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை குடிக்கும். டாட்ங்கறது ப்ரேக் ஆயிலோட தர வகை, புது டாட் 4 ஆயில் கொதிக்காம குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் ஏறினப்புறம் 155 வரைக்கும் தாங்கினாலே போதும்னுதான் தரக்கணக்கு. சென்னை ஈரத்துல பழைய ஆயில் எந்த நெலமைல இருக்கும்னு நீங்களே யோசிங்க. பெரும்பாலான கம்பெனி மேனுவல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துன்னு போட்டிருக்கு, எத்தனை சர்வீஸ் சென்டர்ல மாத்தறாங்க? ஜாப் கார்டுல "ப்ரேக் ஆயில் டாப்-அப்"னு எழுதி காசு வாங்கிட்டு மேல கொஞ்சம் ஊத்தி அனுப்பிடறாங்க, கேட்டா லெவல் சரியா இருக்கு சார்ங்கறாங்க. லெவலை யாரு கேட்டா? ஃபோம் வாஷுக்கும் பாலிஷுக்கும் ஓடி ஓடி கேக்கறவங்க உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒண்ணைக் கேக்கறதில்ல, எத்தனை வருஷமா சொல்றோம், இன்னும் மாறல.

அதனால நீங்க பக்கத்துல நின்னு, சீல் உடைக்காத புது டின் டாட் 4 இல்ல 5.1 வாங்கிக் குடுத்து, நாலு வீல்லயும் பழசு முழுக்க வெளிய வந்து புதுசு வர்ற வரைக்கும் ப்ரேக் லைன்ல ஏர் எடுக்கச் சொல்லுங்க. வெறும் டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, சிலிக்கான், அதை ஊத்தவே கூடாது. கடைல பாதி டின் இருக்கு சார்னு நீட்டினா வாங்காதீங்க.

அடுத்து டிஸ்க் பேட். பாதிக்கு மேல கனம் இருந்தாத்தான் போகணும். மாத்தறதா இருந்தா கம்பெனி பேட், இல்லன்னா பேர்பெற்ற பிராண்ட் பேட், பில்லோட வாங்குங்க, ஸ்பேர் கடைல டூப்ளிகேட் அட்டைப்பெட்டி அச்சு அசலா இருக்கும், விலை பாதின்னா சந்தேகப்படுங்க. ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டாம், சூட்டுல ஓட்டைக்கு ஓட்டை வெடிப்பு விடும். அந்த பெரிய கிட் விக்கற கடைக்காரர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: என் வீலுக்குள்ள உக்காருமா, பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளற என் மாஸ்டர் சிலிண்டருக்கு பொருந்துமா? பின்னாடி உங்களுக்கு டிரம், முன்னாடி மட்டும் பிடி ஏத்தினா பேலன்ஸே கெட்டுப்போகும். பதில் வராது, ஈஎம்ஐ பேச்சுதான் வரும்.

உங்க ஃப்ரெண்ட் வண்டிக்கு ஒரு விஷயம் தனியா சொல்லணும், அதுல வண்டி வழுக்காம பாத்துக்கற ஈஎஸ்பி இருக்கு. கார்னர்ல வண்டி இழுக்கும்போது ஈஎஸ்பி தானாவே ஏதாவது ஒரு வீல்ல ப்ரேக் பிடிக்கும், நீங்க கால் வைக்கலன்னாலும் பிடிக்கும், அதனால நேர் ரோட்ல ஆற வேண்டிய ப்ரேக் கார்னர்லயும் சூடாகும், பின் வீல் கூட சூடாகும், அவரு நான் ப்ரேக்கே அதிகம் போடலையேன்னு நினைச்சுட்டு இருப்பாரு. அதுக்காக ஆஃப் பண்ணச் சொல்லல, முதல் தடவை போறவர் ஆஃப் பண்ணவே கூடாது. மீட்டர்ல அந்த மஞ்சள் லைட் கார்னருக்கு கார்னர் மின்னினா உள்ள போற வேகம் ஜாஸ்தி, குறைக்கணும், அப்படி மின்னிட்டே இருந்தா உங்களை விட ரெண்டு ரவுண்டு முன்னாடியே ட்ராக்கை விட்டு வண்டி நிறுத்தற பிட்டுக்கு வரணும்.

ஓட்டறப்போ நாலு ரவுண்டு நல்லா ஓட்டினா ஒரு ரவுண்டு ப்ரேக்கை தொடாம ஆற விடுங்க. நிறுத்தினதும் ஹேண்ட் ப்ரேக் இழுக்காதீங்க, சூட்டுல ஷூ டிரம்மோட பிடிச்சுக்கும், ஃபர்ஸ்ட் கியர் போட்டு வீலுக்கு கட்டை வைங்க. இன்னொண்ணு, உங்க பாலிசியை எடுத்துப் படிங்க, பந்தயம், வேக சோதனை இதெல்லாம் கவர்ல இல்லன்னு போட்டிருக்கும், விக்கும்போது எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டாரு.

சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி பெடலை மிதிச்சுப் பாருங்க. காலைல இருந்ததை விட கொஞ்சம் இறங்கினாலும் பெங்களூர் ஹைவேல ஏத்தாதீங்க, ப்ரேக்ல ஏர் எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க.