தவணையே இல்லாத ஓ.டி.யால் சிபில் ஸ்கோர் குறையுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கடை பெயரில் ஐந்து லட்ச ரூபாய் வரம்பில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட், வரம்புவரை வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன் கணக்கு) இருக்கிறது. வட்டியை வங்கியே எடுத்துக்கொள்கிறது, தவணை என்று எதுவும் கிடையாது. வீட்டுக்கடன் கேட்டுப் போனால், 'ஓ.டி.யில் பாக்கி காட்டுகிறது, ஸ்கோர் குறைவு' என்கிறார்கள். எப்படி?

பதில்: சிக்கல் அந்த வட்டியில்தான். வங்கி அதை உங்கள் பணத்திலிருந்து எடுப்பதில்லை, கடனோடு சேர்த்துவிடுகிறது. நீங்கள் 4,98,000 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் 4,980 ரூபாய் ஏறி, கணக்கு 5,02,980-இல் நிற்கும். வரம்புக்கு மேலே உள்ள 2,980 ரூபாய்தான் பாக்கி. அதைக் கட்டும்வரை எத்தனை நாள் தாமதம் என்று எண்ணி, கடன் விவரங்களைத் தொகுக்கும் சிபில் நிறுவனத்துக்கும் சொல்வார்கள்; ஸ்கோர் குறைவது அதனால்தான். தொடர்ந்து 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். வரம்புக்குள்ளேயே இருந்தாலும், 90 நாளில் ஏறிய வட்டி அளவுக்குக்கூட வரவு இல்லையென்றால் அதே கதிதான். அப்போது அதே வங்கியில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிவரும் வண்டிக்கடனும் சேர்ந்தே வாராக்கடன் ஆகும். கடைக்கு நீங்கள் ஒருவரே உரிமையாளர் என்றால், கடைக் கடனும் உங்கள் சொந்த சிபில் ரிப்போர்ட்டில்தான் வரும்.

நம் பகுதிக் கடைகளுக்கு இது அதிகம் வலிக்கிறது. மேட்டூர் திறந்து குறுவை தொடங்கியதும் யூரியா, டி.ஏ.பி. எல்லாம் கடனுக்குப் போகும். அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, விவசாயி கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் காசு கடைக்குத் திரும்பும். நடுவில் மூன்று மாதமாவது வரவு மெலிந்துவிடும். வங்கியின் கெடுவும் அதே மூன்று மாதம்! பயிர்க்கடனுக்குப் பருவத்தை வைத்துக் கெடு பார்க்கிறார்கள். அந்த விவசாயியை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் விதி மாறும்வரை அதற்குள் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களுடையது சரக்கை ஈடு காட்டி வாங்கிய கேஷ் கிரெடிட்டா என்றும் பாருங்கள், பலரும் அதையும் ஓ.டி. என்றே சொல்கிறார்கள். அதில் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவாகும். குடோன் காலியானால் அந்தத் தொகையும் இறங்கும். நாலு லட்சம் எடுத்திருந்தாலே வரம்பு மீறியதாகிவிடும். வரவேண்டிய கடன் பாக்கியையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

இனி வரம்பில் இரண்டு மாத வட்டிக்காவது இடம் விட்டே எடுங்கள். வரம்பு எப்போதும் முட்டி நிற்பதும் ஸ்கோருக்கு நல்லதல்ல. கல்லாப்பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை சேமிப்புக் கணக்கோடு இணைந்திருந்தால், ஓ.டி. கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சில்லறை வசூலே வட்டியை அடைத்துவிடும். ஓ.டி.யின் ஆண்டுப் புதுப்பிப்பையும் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலையாக, சிபிலில் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு ரிப்போர்ட்டை எடுங்கள். 36 மாதக் கட்டங்களில் எந்த மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்று இருக்கும். அதை உங்கள் ஓ.டி. ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பாருங்கள். தவறாக இருந்தால் புகார் கொடுங்கள், 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பாக்கி உண்மையென்றால் உடனே கட்டி, கணக்கு ஒழுங்காகிவிட்டது என்று கடிதம் வாங்கி, வீட்டுக்கடன் மனுவோடு இணையுங்கள்.