வான்கோழியை உப்புநீரில் ஊறவைத்து மூலிகையோடு சுடுவது எப்படி?

முழு வான்கோழியை உப்புநீரில் ஊறவைப்பது அவசியமா, மூலிகைகளை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் என்றே சொல்வேன். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், தொடை வேகும்வரை காத்திருந்தால் அது நார்நாராக வறண்டுவிடும். உப்பு தசைநார்ப் புரதங்களை ஓரளவு கரைத்துத் தளர்த்துவதால், அவை சூட்டில் அவ்வளவாக இறுகிச் சுருங்காமல் நீரைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைத்து, அதில் பறவையை முழுதும் மூழ்கவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியசுக்குக் கீழே 12 முதல் 18 மணி நேரம் வையுங்கள். (ஏற்கெனவே உப்புநீர் ஏற்றி விற்கப்படும் பறவைக்கு இது வேண்டாம், கரித்துவிடும்.) இந்த நீரில் மூலிகைகளை அள்ளிப் போடுவது பெரும்பாலும் வீண், ஏனெனில் அவற்றின் மணம் நீரைவிடக் கொழுப்பில்தான் நன்கு கரையும். ஆகவே ரோஸ்மேரி, தைம், சேஜ் இலைகளைப் பொடியாக நறுக்கி, உப்பில்லாத வெண்ணெயில் பிசைந்து, தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் இடையே விரல்களை மெல்ல நுழைத்து, தோல் கிழியாமல் உள்ளே பரப்புங்கள். அதற்கு முன்பாகப் பறவையை ஈரம் போகத் துடைத்து, ஓர் இரவு மூடாமல் குளிர்சாதனப் பெட்டியிலேயே உலரவிட்டால்தான் தோல் மொறுமொறுப்பாகும்.

ஓவனில் 165 பாகையில் 5 கிலோ பறவைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆனால் கடிகாரத்தை நம்பாமல், வெப்பமானியை எலும்பில் படாதவாறு தொடையின் தடித்த பகுதியில் செருகி, 74 பாகையை எட்டிவிட்டதா என்று பாருங்கள். வெளியே எடுத்ததும் அரை மணி நேரம் வெட்டாமல் விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.