வெபரின் மாறிலி ஏன் ஒளிவேகத்தோடு ஒத்துப்போகவில்லை?

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வெபர், மின்னூட்டங்களுக்கு இடையிலான தன் விசைச் சூத்திரத்தில் வைத்த வேக மாறிலி ஒளிவேகத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. வெபரின் 4,39,450 கி.மீ./வினாடியை 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், 3,10,740 வரும். ஒளிவேகத்துக்கு மேல் மீதமிருக்கும் மூன்றரைச் சதவீதச் சொச்சம், 1856-இல் அவரும் சக ஆய்வாளர் கோல்ரவுஷும் செய்த சோதனையின் அளவீட்டுப் பிழை.

காரணம் வரையறைதான். இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சீரான வேகத்தில் நகரும்போது, எந்த வேகத்தில் விசை பூஜ்ஜியமாகுமோ அதையே வெபர் மாறிலியாக வைத்தார். அது ஒளிவேகத்தைப்போல √2 மடங்கு. இந்த வகுத்த எண்ணைத்தான் மேக்ஸ்வெல் பிறகு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ அளந்த ஒளிவேகத்தோடு ஒப்பிட்டு, ஒளியே மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். வெபரின் சோதனை, எதிர்முகாமிலிருந்த மேக்ஸ்வெல்லுக்கே கைகொடுத்தது!

உங்கள் புத்தகத்தில் உள்ள வெபர் விசைச் சூத்திரத்தில், சார்புவேக (ஒரு மின்னூட்டத்தைப் பொறுத்து மற்றதன் வேகம்) வர்க்கத்துக்குக் கீழே 2 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே மாறிலி என்பது நவீன ஒளிவேகம். இல்லையென்றால் வெபருடையது. இந்த இரண்டு மாறிலிகளையும் கலந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும்: வெபரின் விசை தொலைவிலிருந்து உடனடியாகச் செயல்படுவது. மூடிய சுற்றுகளுக்கு ஆம்பியர் விசையும் (மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கு இடையிலான விசை) மின்தூண்டலும் சரியாகவே வரும். ஆன்டெனா, கதிர்வீச்சு என்று போனால் மேக்ஸ்வெல்லிடம்தான் வரவேண்டும்.