வகுப்புக்கு ஒரு வலைப்பூ

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தயங்கும் மாணவர்களுக்காக வலைப்பூ ஒன்று தொடங்கலாமா? பாதுகாப்பை எண்ணி யோசனையாக இருக்கிறது.
– வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆசிரியர் மட்டுமே பார்க்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதைவிட, ஊரிலிருக்கும் தாத்தாவும் படிக்கப்போகிறார் என்று தெரிந்து எழுதும்போது, பிள்ளைகள் ஒற்றுப்பிழையைக்கூடத் தாமாகவே கவனித்துத் திருத்துவார்கள். ஐ.என்.ஏ. சந்தையில் அம்மாவுடன் காய்கறி வாங்கியதையோ, மலைமந்திர் முருகன் கோயிலில் கண்ட காவடியையோ முதலில் எழுதச் சொல்லுங்கள். பாடநூல் கட்டுரைகள் பிறகு வரட்டும்.

பாதுகாப்பு குறித்த உங்கள் கவலை நியாயமானதே. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுவதால், பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுவிடுங்கள். முழுப்பெயர், புகைப்படம், முகவரி எதுவும் வேண்டாம். கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில், நீங்கள் அழைத்தவர்கள் மட்டுமே படிக்குமாறும், பின்னூட்டங்கள் உங்கள் பார்வைக்குப் பிறகே வெளியாகுமாறும் அமைக்கலாம்.

மதிப்பெண் போடவே போடாதீர்கள். எழுதும் ஆசை அதிலேயே வற்றிவிடும். மாறாக, ஒவ்வொருவரும் தோழரின் பதிவில் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று விதியுங்கள். “நன்று” என்பதோடு நின்றுவிடாமல், “அந்தக் காவடியை ஏன் எடுத்தார்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிலாக இன்னொரு பத்தி தானே பிறக்கும்.