சி.ஆர்.இ. புள்ளிகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கடலூரில் ஒரு தனியார் செவித்திறன் மையத்தில் பணியாற்றுகிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு) முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் பெற்றவள். பதிவைப் புதுப்பிக்கத் தேவையான சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகளுக்காக விடுமுறை நாட்களில் சென்னைக்குச் சென்று கருத்தரங்குகளில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். காலையில் கையெழுத்து, மாலையில் சான்றிதழ். அங்கே கேட்டது எதுவும் மறுநாள் என் முன் அமரும் குழந்தைக்கு உதவுவதில்லை. ஆனால் அடுத்த தெருவில் எந்தப் பதிவும் இல்லாத ஒருவர் காது சோதித்துக் கருவி பொருத்துகிறார்; அவரை யாரும் கேட்பதில்லை. ஒழுங்காகப் படித்தவர்களுக்கு மட்டும்தான் இந்த விதிகளா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் சித்தி மகள் இதே படிப்பில் சேர விரும்புகிறாள். எல்லாக் கல்லூரிகளும் 'அங்கீகாரம் பெற்றது' என்றே விளம்பரம் செய்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ச., கடலூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் சித்தி மகளைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேர்க்கைக்குக் காலக்கெடு உண்டு, மற்றவை காத்திருக்கும்.

இத்துறையில் பல்கலைக்கழக இணைப்பு வேறு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் ஒப்புதல் வேறு. 1992இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1993 முதல் சட்ட அதிகாரத்துடன் இயங்கும் அந்த அமைப்பு, ஒரு கல்லூரிக்கு மொத்தமாக ஒப்புதல் தந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களுக்கே தருகிறது. ஆகவே 'அங்கீகாரம் பெற்றது' என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், அவள் சேரும் ஆண்டுக்கும் அவள் சேரும் படிப்புக்கும் அது பொருந்துமா என்பதைக் கவுன்சிலின் பட்டியலில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் பட்டம் கையில் இருக்கும், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறாது. ஓராண்டு டி.எச்.எல்.எஸ். (செவி, மொழி, பேச்சு) பட்டயத்தையும் நான்காண்டு பட்டப்படிப்பையும் ஒரே மூச்சில் சொல்லும் துண்டறிக்கைகளைப் பார்த்தால் கூடுதலாக எச்சரிக்கை தேவை. பட்டயம் பெற்றவர் தொழில்நுட்பப் பணியாளராகவே பதிவு பெறுவார்.

இவை தாளில் பார்க்க வேண்டியவை. ஒப்புதலுக்காக வரும் ஆய்வுக் குழு அறைகளையும் கருவிகளையும் ஆசிரியர் பட்டியலையும் பார்க்கிறது. அது தேவைதான், ஆனால் ஒரு மாணவி நோயாளியின் எதிரே அமரும்போது அவளுக்குப் பின்னால் யார் அமர்கிறார் என்பது ஒருநாள் ஆய்வில் தெரிவதில்லை. என் அனுபவத்தில் ஒரு கல்லூரியின் தரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் அந்த ஒன்றே. அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நூலகத்தைப் பார்ப்பதை விட, அதன் வெளிநோயாளர் பிரிவில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தாமே சோதனை செய்கிறார்களா, சுவரோரம் நின்று குறிப்பெடுக்கிறார்களா? தவறு நேர்ந்தால் திருத்துபவர் அறையிலேயே இருக்கிறாரா, மாலையில் கையெழுத்திட மட்டும் வருகிறாரா? நான்காவது ஆண்டான உள்ளிருப்புப் பயிற்சியை எங்கே செய்ய அனுப்புகிறார்கள்? மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட மையங்களில் பட்டயப் படிப்பைக் காணொலி வழியாக நடத்தியபோதுகூடப் பாடங்கள்தாம் திரையில் வந்தன. நோயாளிகளுடனான பயிற்சி மையத்திலேயே நேரில் நடந்தது. அதைத் தொலைவிலிருந்து கற்பிக்க முடியாது.

அந்தப் பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ பல ஆண்டுகள் இரைச்சலில் உழைத்த ஒருவர், 'காது கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் விளங்கல' என்று வருகிறார். கேள்திறன் வரைபடத்தில் தாழ்ந்த அதிர்வெண்களில் பெரிய குறை தெரிவதில்லை. 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் ஆழமான பள்ளம். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் பேச்சின் சத்தம் அவருக்குக் கேட்கிறது, ச, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய உயர் அதிர்வெண் ஒலிகள் கேட்காமல் போய்விடுகின்றன. இதைப் பாடநூலில் படித்த மாணவி தேர்வில் எழுதிவிடுவாள். ஆனால் தமிழ்ச் சொற்பட்டியலைக் கொண்டு அவருக்குப் பேச்சுணர் சோதனை செய்து, எந்தச் சொல்லை எந்தச் சொல்லாகக் கேட்டார் என்று குறித்து, 'காதுக்குள்ள வண்டு கத்துது' என்பதையும் 'காது அடைச்ச மாதிரி இருக்கு' என்பதையும் இரண்டு வெவ்வேறு புகார்களாகப் பிரித்தறிவதற்கு, முழுக்க ஆங்கிலத்தில் கற்ற வகுப்பு உதவாது. ஒப்புதல் விதிகளில் நான் ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் இதைத்தான் சேர்ப்பேன்.

உங்கள் அடுத்த தெருக் கடைக்கு வருகிறேன். கருவி விற்பது வணிகம். கேள்திறனைச் சோதித்து அதற்கேற்பக் கருவியைப் பொருத்துவது தொழில். பதிவு இல்லாமல் அத்தொழிலைச் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆயிரம் ரூபாய் இன்று எந்தக் கடைக்காரரையும் அச்சுறுத்தாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கேடு எங்கே நிகழ்கிறது என்பதை நீங்கள் நோயாளிகளுக்கு விளக்கலாம். ஒலித்தடுப்பு அறை இல்லாத இடத்தில், பேருந்து ஓடும் சாலையோரத்தில் சோதித்தால், சுற்றுப்புற இரைச்சல் 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளை மூழ்கடித்துவிடும். இல்லாத குறை வரைபடத்தில் ஏறும். அதை நம்பித் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டி வைத்த கருவியில் மின்விசிறியின் இரைச்சலும் தம் குரலும் முழங்குவதாகச் சொல்லிப் பெரியவர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். 'கருவியே சரியில்லை' என்ற முடிவோடு பிறகு உங்களிடமும் வரமாட்டார். இப்படி வந்த வரைபடங்களின் நகல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்து மூலம் புகார் செய்தால், வெறும் மனக்குறையைவிட அதற்கு எடை அதிகம்.

ஆக, விதிகள் உங்களுக்கு மட்டுமானவை அல்ல. உங்களிடம் மட்டும் எளிதாக நிறைவேற்றப்படுகின்றன. இனிப் புள்ளிகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அதற்குக் கற்றல் புள்ளிகள் என்ற ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. பிறந்த குழந்தைகளின் கேள்திறன் சோதனையும், உட்செவியில் அறுவை செய்து பொருத்தும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டும் ஒரே தலைமுறைக்குள் இத்தொழிலின் முகத்தை மாற்றியிருக்கும்போது, பட்டம் பெற்ற ஆண்டின் அறிவோடு ஓய்வு பெறும் வரை ஒருவர் பணியாற்றலாம் என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவிலும் சான்றிதழ் பெற்றவர்கள் மூன்றாண்டுகளில் 30 மணி நேரக் கற்றலைக் காட்ட வேண்டும். அங்கும் இங்கும் உள்ள பலவீனம் ஒன்றே: மணி நேரத்தை அளக்கலாம், கற்றலை அளப்பது கடினம் என்பதால் வருகைப் பதிவே கற்றலாகக் கணக்கிடப்படுகிறது. உங்கள் சலிப்பு அந்த இடத்தில் நியாயமானது. ஆனால் எதைக் கேட்கப் போகிறோம் என்று பாராமல் சென்னைக்குப் பேருந்து ஏறியது கவுன்சில் செய்ததல்ல. அடுத்த முறை, உங்களிடம் வரும் ஒரு குழந்தையின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

புள்ளிகள் தராத கற்றல் ஒன்று உண்டு. தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்துகொண்ட குழந்தை, அறுவை முடிந்து ஊர் திரும்பியபின் கேட்கப் பழகுவது உங்களைப் போன்றவர்களிடம்தான். கடலூர், புதுச்சேரி, சிதம்பரம், விழுப்புரம் என்று ஒரு மணி, இரண்டு மணிப் பயணத் தொலைவில் உள்ள நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு பயிற்சி அமர்வின் பதிவைப் போட்டுக் கேளுங்கள். கேள்விக்குப் பின் குழந்தைக்கு எத்தனை நொடி அவகாசம் கொடுத்தீர்கள், உதட்டைப் பார்க்க விடாமல் காதால் கேட்கச் செய்தீர்களா, அமர்வில் தாய் பேசியது எவ்வளவு, நீங்கள் பேசியது எவ்வளவு என்று மற்றவர்கள் குறிக்கட்டும். முதல் கூட்டம் சங்கடமாக இருக்கும்; நம் குரலை நாமே கேட்பது யாருக்கும் பிடிப்பதில்லை. பதிவெடுக்கும் முன் பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், பெரும்பாலும் ஒலிப்பதிவே போதும், குழந்தை உதட்டைப் பார்த்ததா என்று அறிய மட்டும் காணொலி தேவைப்படும்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து