முப்பத்தொரு வயது ஓட்டக்காரருக்கு இன்னும் இரண்டு வருடம்

அன்புள்ள சார்,

நான் மேரிலாண்டில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் கிரிக்கெட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது பால்டிமோர் ரேவன்ஸ் தோற்றால் ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. நீங்களும் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர் என்பதால் கேட்கிறேன். 2025 மே மாதம் எங்கள் ஓட்டக்காரர் டெரிக் ஹென்றியின் ஒப்பந்தத்தை ரேவன்ஸ் மேலும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். 3 கோடி டாலர், அதில் இரண்டரைக் கோடி கேரண்டி, அதாவது ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டியது. அப்போது அவருக்கு வயது 31. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் என்றால் முப்பதோடு சரி என்பது இங்கே எல்லாரும் சொல்வது. சீசன் தொடங்கி மூன்று ஆட்டம் முடிவதற்குள் மூன்று தடவை பந்தை நழுவவிட்டுவிட்டார், இரண்டு தோல்வி. இதில் ஐந்தில் ஒரு பங்குப் பணத்துக்கு, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்திருக்கலாமே? பெரிய பெயர் என்ற மரியாதைக்காகச் செய்த தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பி.கு: என் மகனுக்கு ஒன்பது வயது. ஹென்றியின் 22ஆம் நம்பர் சட்டை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. வாங்கலாமா?

கே., மேரிலாண்ட்

*

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்ன தோல்விகளில் முதலாவது, பஃபலோ அணியோடு ஆடிய ஆட்டம், இங்கே சென்னையில் திங்கட்கிழமை காலை 5.50க்குத் தொடங்கியது. பால்காரர் வருவதற்குள் முதல் குவார்ட்டர், அதாவது கால் பங்கு ஆட்டம், முடிந்துவிட்டது. நான்காம் குவார்ட்டரில் பால்டிமோர் 15 புள்ளி முன்னிலை, இனி என்ன என்று குளிக்கப் போகலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். ஹென்றி பந்தை நழுவவிட்டார், 41-40 என்று பஃபலோ ஜெயித்தது. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அதே ஆள் அதே ராத்திரி 18 தடவை ஓடி 169 யார்டு, இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) எடுத்திருக்கிறார் என்பதைக் கடிதத்தில் விட்டுவிட்டீர்களே, அது நியாயமா?

பந்து நழுவுவது வயதின் அடையாளம் இல்லை. இருபத்திரண்டு வயதுக்காரனுக்கும் நழுவும், பயிற்சியாளர் ஒரு வாரம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நடக்கச் சொல்வார், சரியாகிவிடும். வயது வேறு மாதிரி வரும். முன்னால் தடுப்பவர்கள் திறந்துவிடும் இடைவெளி மூடுவதற்குள் போய்ச் சேர முடியாமல் அரை நொடி தாமதமாகும், முதலில் கை வைப்பவனே கீழே தள்ளிவிடுவான், இரண்டு யார்டு மூன்று யார்டு என்று சில்லறையாகவே சேரும். ஹென்றியிடம் எதைப் பார்த்துப் பயப்படவேண்டுமோ அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூன்று ஆட்டத்தில் அதைச் சொல்லிவிட முடியாது. 2024 சீசனில், அதாவது முப்பது வயதில், 325 ஓட்டத்தில் 1,921 யார்டு, 16 டச்டவுன். ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட 5.9 யார்டு. ஓய்ந்துபோனவர் போடுகிற கணக்கா இது?

ஆனால் உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வரி: ரன்னிங் பேக் என்பவர், ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, தன்னைவிடப் பெரிய ஆட்கள் கூட்டமாக நிற்கிற இடத்தைப் பார்த்து வேண்டுமென்றே ஓடுகிறவர், ஒரு ஆட்டத்தில் இருபது தடவை. அப்படி அடிவாங்கிய உடம்பு எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. சியாட்டில் அணியின் ஷான் அலெக்ஸாண்டர் 2005இல் 1,880 யார்டு ஓடி, லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அடுத்த மார்ச்சில் எட்டு வருடத்துக்கு 6.2 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த சீசனின் மூன்றாவது ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. 896 யார்டு, அப்புறம் 716, அப்புறம் 2008 ஏப்ரலில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எட்டு வருட ஒப்பந்தத்தில் அவர் ஆடியது இரண்டு.

ஒப்பந்தம் போடும்போது அவருக்கு முப்பது கூட இல்லை, 28தான் என்பதைக் கவனியுங்கள். ராம்ஸ் அணி டாட் கர்லிக்கு 2018இல் நான்கு வருடத்துக்கு 6 கோடி கொடுத்தபோது அவருக்கு 24 கூட நிறையவில்லை. இளைஞர், முந்தைய வருடம்தான் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கியவர், யாரும் குறை சொல்லவில்லை. அந்த சீசன் முடிவதற்குள் முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் மொத்தம் 10 ஓட்டம், 35 யார்டு. 2020 மார்ச்சில் அவரையும் விடுவித்துவிட்டார்கள். டல்லாஸ் கதை இன்னும் வேடிக்கை. 2014இல் 392 தடவை ஓடி 1,845 யார்டு எடுத்த டிமார்கோ மர்ரேயை, இனி இந்த உடம்பு தாங்காது என்று கணக்குப் போட்டுத்தானோ என்னவோ, பிலடெல்பியாவுக்குப் போக விட்டார்கள். அங்கே அடுத்த வருடம் அவர் எடுத்தது 702 யார்டு. கெட்டிக்காரத்தனம்தான். அதே டல்லாஸ் 2019இல் எஸக்கியல் எலியட்டுக்கு ஆறு வருடம், 9 கோடி எழுதிக் கொடுத்துவிட்டு 2023இல் கைகழுவியது.

பெரிய ஒப்பந்தம் வாங்கி விடுவிக்கப்பட்ட அலெக்ஸாண்டர், கர்லி, எலியட் மூன்று பேருக்கும் பொதுவானது வயது இல்லை, வருடங்களின் எண்ணிக்கை. எட்டு, நான்கு, ஆறு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறோம். இந்த லீகில், அதாவது என்எஃப்எல்லில், அது அப்படியே சட்டம். கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் போனஸைக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம், ஆள் நடுவில் போய்விட்டால் மிச்சம் எல்லாம் அணியின் சம்பள வரம்புக்குள் (ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற கணக்கு) வந்து உட்கார்ந்துகொள்ளும், களத்தில் இல்லாத ஆளுக்காக. நீளமான ஒப்பந்தம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு வருட நீட்டிப்பில் மாட்டினாலும் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். 2025இல் ஒரு அணியின் சம்பள வரம்பு 27.92 கோடி டாலர். ஹென்றிக்கு வருடத்துக்குச் சராசரி ஒன்றரைக் கோடி, அதில் ஐந்து சதவீதம் சொச்சம். உங்கள் குவார்ட்டர்பேக் லாமர் ஜாக்சனின் சராசரி அப்போது 5.2 கோடி, அதை ஒப்பிட்டால் இது பெரிய சூதாட்டமா?

அப்புறம் அந்த லாமர். அவர் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவர் என்பதால் எதிரணி ஒரு கண்ணை அவர்மேல் வைத்தே ஆகவேண்டும், அந்த அரை நொடித் தயக்கத்தில்தான் ஹென்றி பாதி தூரம் போய்விடுகிறார். பழைய அணியான டென்னஸியில் கடைசி வருடங்களில் ஹென்றிக்கு இந்த வசதி கிடையாது, எல்லாரும் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2024இல் டென்னஸி அவரைப் போகவிட்டது, பால்டிமோர் இரண்டு வருடத்துக்கு 1.6 கோடிக்கு எடுத்தது. வேறு அணி இந்த நீட்டிப்பைக் கொடுத்திருந்தால் நான் உங்கள் பக்கம் சேர்ந்திருப்பேன்.

டிராஃப்டில் எடுக்கும் பையன் மலிவு என்கிறீர்கள். மலிவுதான், அதுதான் எனக்கு உறுத்துவது. 2011இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டில் வருபவனின் சம்பளம் தேர்வான வரிசைப்படி நிர்ணயம், நான்கு வருட ஒப்பந்தம், முதல் மூன்று வருடம் அசைக்க முடியாது. ஹென்றி 2016இல் இரண்டாம் சுற்றில் வந்தவர், நான்கு வருடத்துக்கும் சேர்த்தே ஐம்பது லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டியதுதான் கிடைத்திருக்கும். முதல் இரண்டு வருடம் வேறொருவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் (யார் தெரியுமா? அதே மர்ரே, பிலடெல்பியாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தார்). நான்காவது வருடம் 1,540 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். அதற்கு அடுத்த வருடம் 2,027. இந்த வேலையில் உடம்பு நன்றாக இருக்கும்போது சம்பளம் குறைவு, சம்பளம் கேட்கும் உரிமை வரும்போது உனக்கு வயதாகிவிட்டது என்பார்கள். அதனால் யாராவது ஒருவர் முப்பதுக்கு மேல் பெரிய தொகை வாங்கினால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் அணி நடத்துகிறவர் என் சந்தோஷத்துக்காகக் காசு கொடுக்கமுடியாது.

எனக்கும் ஒரு குறை உண்டு, நீங்கள் சொல்லும் குறை அல்ல. பழைய ஒப்பந்தத்தில் 2025 சீசன் இன்னும் பாக்கி இருந்தது. சீசன் முடியும்வரை காத்திருந்து கொடுத்திருக்கலாம். இன்னொரு 1,900 ஓடியிருந்தால் விலை ஏறியிருக்கும், வாஸ்தவம், ஆனால் 32 வயது ரன்னிங் பேக்குக்காக எத்தனை அணி போட்டி போடும்? நானாக இருந்தால் 2026க்கு மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, 2027ஐப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றிருப்பேன். 3 கோடியில் இரண்டரைக் கோடி கேரண்டி என்றால் இரண்டாவது வருடத்திலும் ஏறக்குறைய கையைக் கட்டிக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம், அந்த சீசன் முடியும்போது அவருக்கு 34. அங்கேதான் கொஞ்சம் மரியாதை உள்ளே புகுந்துவிட்டது என்று நினைக்கிறேன், அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி.

சட்டையை வாங்கிக் கொடுங்கள். ஒன்பது வயதுப் பையன், எப்படியும் இரண்டு வருடத்தில் அது அவனுக்குச் சின்னதாகிவிடும்.