பழக்கிவிட்ட பணிப்பெண்ணை வீட்டுக்காரர்களே வைத்துக்கொண்டால்?

கேள்வி: ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) முடித்து 11 வருடம் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். போன தை மாதம் திருச்சியில் முதியோருக்கான ஹோம் கேர் சர்வீஸ் ஆரம்பித்தேன். இப்போது 8 வீடுகள், 9 பெண்கள். 12 மணி நேர டூட்டிக்கு மாதம் 24,000 ரூபாய் வாங்கி, 18,000 சம்பளம் கொடுக்கிறேன். இதுவரை மூன்று பேரை வீட்டுக்காரர்களே நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ‘சேரும்போதே 10,000 டெபாசிட்டும் ஒரிஜினல் சான்றிதழும் வாங்கி வை’ என்கிறார் தெரிந்த ஒருவர். இரண்டு பேரிடம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கியும் வைத்துவிட்டேன். இது சரியா? வேறு வழி இருக்கிறதா?
— வாசகி, திருச்சி

பதில்: டெபாசிட் வேண்டாம். மார்க் ஷீட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் 10,000 ரூபாய் இருக்கிற பெண் எதற்கு இன்னொருவர் வீட்டில் பெட்பான் எடுக்க வரப்போகிறார்? கேட்டால் வட்டிக்கு வாங்கித் தருவார். அந்த வட்டியைக் கட்டவே, கூடக் கொடுக்கிற வீட்டுக்குப் போவார்.

‘வேலையை விட்ட பிறகு வாடிக்கையாளர் வீட்டில் சேர மாட்டேன்’ என்று எழுதி வாங்கலாமே என்றும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-ன்படி அப்படிப்பட்ட தடை செல்லாது. பத்திரத் தாளில் எழுதினாலும் செல்லாது.

உங்கள் கணக்கையே பாருங்கள். வீட்டுக்காரர் 22,000 கொடுக்கிறேன் என்றால் அவருக்கு 2,000 மிச்சம், பணிப்பெண்ணுக்கு 4,000 கூடுதல். நடுவில் நீங்கள் மட்டும்தான் நஷ்டம். அந்த 4,000-க்காகத்தான் போகிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவையில் இந்தத் தொழிலில் எனக்கு 14 வருடம் ஆகிறது. மூன்றாவது வருடம், என்னிடம் இருந்ததிலேயே கைராசியான பெண் ஒருத்தி இப்படித்தான் போனாள். கோபத்தில் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவளே வந்து சொன்னாள்: “பாட்டிக்கு அப்புறமும் சமையலுக்கு வெச்சுக்கிறோம்னு சொன்னாங்கக்கா. உங்ககிட்ட இருந்தா, பாட்டி போனதும் நான் வீட்ல சும்மாதானே உக்காரணும்?” ஆபீஸுக்கு வந்து ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அதற்கு முந்தைய வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்த பிறகு, 19 நாள் வேலை இல்லை. நான் கொடுத்தது ஒன்றுமில்லை.

நம் தொழிலில் கேஸ் முடிகிறது என்றால் பெரும்பாலும் ஒருவர் இறந்துவிட்டார், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு யாரும் இறப்பதில்லை. அன்றைக்கே வருமானம் நிற்பது அந்தப் பெண்ணுக்குத்தான். ஆகவே முதல் வேலையாகக் காத்திருப்புச் சம்பளம் என்று ஒன்றை ஆரம்பியுங்கள். கேஸ் முடிந்த மறுநாளிலிருந்து 10 நாள் வரை பாதிச் சம்பளம். நீங்கள் காட்டுகிற அடுத்த வீட்டை அவர் மறுத்தால் அன்றோடு நிறுத்தம். இதை எழுதிக் கொடுத்த பிறகுதான் என்னிடம் ஆள் தங்க ஆரம்பித்தார்கள். முழுக்க நின்றுவிடவில்லை, இன்றைக்கும் வருடத்துக்கு இரண்டு பேர் போகிறார்கள்.

சரி, இதற்குப் பணம்? உங்கள் 24,000 போதாது, அதுதான் உண்மை. 18,000 போக மிச்சம் 6,000. மாதம் 4 நாள் லீவுக்கு மாற்று ஆள், ஒரு நாளைக்கு 800 என்றால் 3,200. தீபாவளி போனஸாக அரை மாதச் சம்பளம் கொடுத்தால், மாதக் கணக்கில் 750. இன்னும் ஒரே ஒரு பெண் சேர்ந்தால் 10 பேர் ஆகிவிடுவீர்கள், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வந்துவிடும். நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 585. கையில் நிற்பது 1,465. எட்டு வீட்டுக்கும் சேர்த்து 11,720. ஆபீஸ் வாடகை, போன், பெட்ரோல் எல்லாம் இதில்தான். உங்கள் சம்பளம் இதில் எங்கே இருக்கிறது? புது வீடுகளுக்கு 27,000-க்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

8 வீடும் வருடம் முழுக்க ஓடினால் உங்கள் வரவு 23 லட்சத்தைத் தாண்டும். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். நர்ஸ் கொடுக்கும் மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு உண்டு. குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொள்வதற்கும் அது பொருந்துமா என்பதில் சிக்கல் இருக்கிறது. ஆடிட்டரிடம் இந்த மாதமே உட்காருங்கள். 18 சதவீதம் என்றால் 24,000-க்கு 4,320. இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்தப் பணத்தை எந்த வீட்டிலும் போய்க் கேட்க முடியாது. உத்யம் (சிறுதொழில்) பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும். அதற்கு இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தை வீட்டுக்காரரோடு போடுங்கள். இரண்டு பக்கம் போதும், தமிழில். பணிப்பெண்ணை நேரடியாக வைத்துக்கொள்ள விரும்பினால் ஒரு மாதக் கட்டணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். ஒளித்துச் செய்கிற காரியம் இதனால் பேசிச் செய்கிற காரியமாகிறது. அதோடு, அப்படி எடுத்துக்கொண்டால் லீவுக்கு மாற்று ஆள் வராது, புகார் என்றால் நாங்கள் வர மாட்டோம் என்ற வரியும் இருக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன பெண் காணும் பொங்கல் முடிந்தும் வராவிட்டால், அவர்கள் திரும்ப உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது குத்திக்காட்டாமல் ஆள் அனுப்புங்கள். கட்டணம் மட்டும் புதுக் கட்டணம்.

மாற்று ஆள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. காலை 7 மணி டூட்டிக்கு 6 மணிக்கு “பையனுக்குக் காய்ச்சல், வர முடியலக்கா” என்று போன் வரும். பக்கவாதம் வந்த அம்மாவை வைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பி நிற்கிற மகளுக்கு அந்த நேரத்தில் ஒரு ஆள் வந்து நின்றால் போதும், 22,000 பேச்சே எழாது. 8 வீட்டுக்கு இரண்டு பேரையாவது எந்த வீட்டிலும் நிரந்தரமாகப் போடாமல் வையுங்கள். இப்போது உங்களிடம் ஒருவர்தான் அப்படி இருக்கிறார், அவரும் பாதி நாள் எங்காவது மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். தீபாவளி, பொங்கல் லீவை ஒரு மாதம் முன்பே எழுதி வாங்கி, பாதிப் பேருக்கு முதல் பண்டிகை, பாதிப் பேருக்கு அடுத்தது என்று பிரித்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் நர்ஸ். வீட்டுக்காரர் தானே ஆள் பிடித்தால் அவருக்குக் கிடைக்காதது இதுதான். புது வீடு வந்தால் முதல் நாள் நீங்களே போங்கள். படுக்கை உயரம், பாத்ரூம் வாசல்படி, மாத்திரை டப்பா, படுக்கைப் புண் இருக்கிறதா என்று குதிகால், இடுப்பின் பின்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். சென்ற வருடம் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன்: 40 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். மேஜையில் இருந்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, அதாவது 100 யூனிட் வகைக்கானது. சிவப்பு மூடி இருந்திருக்க வேண்டும். கோடு பார்த்து 20 என்று ஏற்றினால் உள்ளே போவது 8 யூனிட்தான். “என்ன போட்டாலும் சுகர் இறங்க மாட்டேங்குது” என்று புலம்பிக்கொண்டிருந்தார் அந்த வீட்டம்மா. இதுவே தலைகீழாக இருந்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றியிருந்தால் இரண்டரை மடங்கு போய் ஆளே மயங்கியிருப்பார்.

ஊசி, யூரின் ட்யூப் மாற்றுவது, ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போடுவது இவையெல்லாம் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு உள்ள நர்ஸ் செய்ய வேண்டியவை. ட்யூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதைப் பணிப்பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தலைப்பக்கம் உயர்த்தியே இருக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். புரட்டிய நேரம், சாப்பாடு, யூரின் அளவு, மோஷன் இவற்றை எழுத ஒரு நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். துபாயிலிருந்து மகன் இரவு போன் செய்யும்போது அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேச்சு அதிகம் வேண்டியிருக்காது.

பணிப்பெண்கள் விட்டுப்போக இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். ‘அப்படியே இந்த நாலு பாத்திரத்தையும் தேய்ச்சிடும்மா’ என்று ஆரம்பித்து, ஒரு மாதத்தில் வீட்டு வேலை முழுக்க அவர் தலையில் வந்து விழும். பெரியவரின் தட்டு, துணி, அறை மட்டும்தான் என்று முதல் நாளே எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுங்கள். போனில் முதல் கேள்வியே “எந்த ஆளுங்க?” என்று ஜாதி கேட்கிற வீட்டுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. உங்களுக்கு ஆரம்ப காலம், ஒரு வீட்டை இழப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே அனுப்பினால் அந்தப் பெண்ணையும் இழப்பீர்கள்.

தொடக் கூடாத இடத்தில் யாராவது தொட்டால், அது நினைவு தவறிய பெரியவராக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும், உடனே வெளியே வந்து உங்களுக்கு போன் செய்ய வேண்டும், அன்றைய சம்பளம் பிடிக்கப்படாது என்று சேரும்போதே சொல்லுங்கள். 2013-ன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். 10 பேர் ஆனதும் உள்புகார்க் குழு கட்டாயம். அதுவரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அதன் விவரத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அந்த இரண்டு மார்க் ஷீட்டையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். டூட்டிக்குப் போகிற வழியில் வாசலில் நிறுத்திக் கொடுக்காமல், உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, காத்திருப்புச் சம்பளம் எழுதிய தாளையும் கூடவே வைத்துக் கொடுங்கள்.